பானிப்பட்டா, கான்வாவா?

கேள்வி: 1526 பானிப்பட் போரில்தான் முகலாயப் பேரரசு பிறந்தது என்று படித்திருக்கிறேன். அடுத்த வருடம் நடந்த கான்வா போர்தான் முக்கியம் என்கிறான் என் மகன். யார் சொல்வது சரி?

பதில்: உங்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது என்னைப் போன்ற ஒரு வரலாற்று வாத்தியாராகத்தான் இருக்கும். ஓய்வு பெறும்வரை நானும் "1526, பானிப்பட், பாபர், இப்ராஹிம் லோடி" என்று நோட்ஸ் கொடுத்தவன்தான். இப்போது கேட்டால் உங்கள் மகன் பக்கம் சாய்வேன்.

பானிப்பட் அரை நாள் சண்டை. ஏப்ரல் 21 காலையில் தொடங்கி உச்சிவேளைக்குள் டெல்லி சுல்தான் இப்ராஹிம் லோடி பிணமாகிவிட்டார். பாபரிடம் இருந்தவர்கள் சுமார் 12,000 பேர். எதிரியிடம் ஒரு லட்சம் வீரர்களும் ஆயிரம் யானைகளும் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஜெயித்தவர் சொல்லும் கணக்கு, கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், லோடியின் ஆப்கானியத் தலைவர்களில் பலருக்கே அவரைப் பிடிக்காது. பஞ்சாபை ஆண்ட தௌலத்கான் லோடி பாபரைக் கூப்பிட்டதே அதனால்தான்.

சரி, டெல்லியும் ஆக்ராவும் கைக்கு வந்தன. அப்புறம் நடந்ததைத்தான் நாங்கள் வகுப்பில் சொல்வதில்லை. ஆக்ராவில் கொளுத்தும் வெயில். வீரர்களுக்குத் தானியமில்லை, குதிரைகளுக்குத் தீவனமில்லை. தளபதிகள் காபூலுக்கே, சொந்த ஊருக்கே திரும்பலாம் என்று நச்சரித்தார்கள். பாபருக்கு மிக நெருக்கமான குவாஜா கலான் கிளம்பியே போய்விட்டார். போகிறவர் சும்மா போகவில்லை. 'சிந்து நதியைப் பத்திரமாகத் தாண்டிவிட்டால் இனி இந்துஸ்தானை நினைக்கவே மாட்டேன்' என்ற பொருளில் டெல்லி வீட்டுச் சுவரில் கவிதை எழுதி வைத்துவிட்டுப் போனார்! இதைப் பேரரசின் பிறப்பு என்று எப்படிச் சொல்வது?

1527 மார்ச்சில் ஆக்ராவுக்கு மேற்கே கான்வாவில் எதிரே வந்தவர் ராஜஸ்தானத்து மேவாரின் அரசர் ராணா சங்கா. ஒரு கண் இல்லை, ஒரு கை இல்லை, உடம்பெல்லாம் பழைய போர்த் தழும்புகள். லோடியைப் போல் தனித்துப்போனவர் அல்ல. ராஜபுத்திர அரசர்கள் பலரும், மேவாத்தின் ஹசன்கானும், இப்ராஹிமின் தம்பி மஹ்மூத் லோடியும் அவரோடு இருந்தார்கள். பாபரின் முகாமில் பயம் பரவியது. அவர் தங்க, வெள்ளி மதுக்கோப்பைகளை உடைத்து ஏழைகளுக்குக் கொடுத்தார். இனி குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார். வீரர்களையும் ஓடமாட்டோம் என்று குர்ஆன் மேல் சத்தியம் செய்ய வைத்தார். ஜெயித்த பிறகு காபூலுக்குத் திரும்பும் பேச்சு அடங்கியது.

ஆனால் உங்கள் மகனுக்கும் முழு மார்க் போட மாட்டேன். 1540இல் ஆப்கானியத் தலைவர் ஷெர்ஷா, பாபரின் மகன் ஹுமாயூனைத் துரத்திவிட்டார். பதினைந்து வருடம் டெல்லியில் முகலாயரே இல்லை. பேரரசு என்று நாம் சொல்வது உறுதியானது 1556 நவம்பரில், அதே பானிப்பட்டில், டெல்லியைப் பிடித்திருந்த ஹெமுவின் கண்ணில் அம்பு பாய்ந்த அன்றுதான். ஹுமாயூனின் மகன் அக்பருக்கு அப்போது வயது 14. படைக்குப் பொறுப்பு அவருடைய காப்பாளர் பைராம்கான்.

கேள்வி: எல்லாம் பீரங்கி செய்த வேலைதானே?

பதில்: பாதி. வண்டிகளைத் தோல் கயிற்றால் பிணைத்து அரண் அமைத்து, அதன் பின்னால் பீரங்கிகளை நிறுத்தினார் பாபர். இரு பக்கமும் சுற்றிப்போய் எதிரியின் முதுகில் அடித்தது குதிரைப்படை. 'துலுக்மா' என்பது அதற்குப் பெயர். 1556இல் ஹெமுவிடமும் பீரங்கிகள் இருந்தன. சண்டைக்கு முன்பே முகலாய முன்னணிப் படை அவற்றைப் பிடுங்கிக்கொண்டது.

கேள்வி: கான்வாவில் பாபர் தோற்பார் என்று சொன்ன ஜோதிடர் என்ன ஆனார்?

பதில்: முகமது ஷரீஃப் என்று பெயர். செவ்வாய் மேற்கே இருக்கிறது, எதிர்த்துப் போகிறவர் தோற்பார் என்று கிளப்பிவிட்டவர். பாபர் ஜெயித்ததும் கூசாமல் வாழ்த்துச் சொல்ல வந்தார். பாபர் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். பழைய சேவையை நினைத்து ஒரு லட்சம் பணமும் கொடுத்து, என் எல்லைக்குள் இருக்காதே என்று அனுப்பிவிட்டார்.