கருங்கல்லுக்கு எந்த நிறம்?

கேள்வி: ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் நான். வாட்டர்கலர் பழகுகிறேன். வேலூர்க் கோட்டை மதிலை வரைந்தால் சேறு பூசியதுபோல வருகிறது. பேப்பரும் சுருண்டுகொள்கிறது. ஆனால் இப்போதெல்லாம் பஸ்ஸில் போனால்கூட நிழல் என்ன நிறம் என்றே பார்க்கிறேன். நான் தேறுவேனா?
- ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: முதலில் பேப்பர். டிராயிங் நோட்டுத் தாள் தண்ணீர் தாங்காது. 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள் வாங்குங்கள். விலை அதிகம்தான், பின்பக்கத்திலும் போடலாம்.

மதிலுக்குக் கறுப்பு டியூபைத் தொடாதீர்கள். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தால் நல்ல சாம்பல் வரும். நீலம் கூடினால் நிழல் பக்கம், சியன்னா கூடினால் வெயில் பக்கம். அல்ட்ராமரைன் துகள் தாளின் குழிகளில் தங்கி, காய்ந்ததும் சொரசொரவென்று கருங்கல் மாதிரியே தெரியும். சேறாவது, பாதி காய்ந்ததை மறுபடி தேய்ப்பதால்தான். நம்மூர் மே மாத வெயிலில் பிரஷ்ஷை எடுப்பதற்குள் காய்ந்துவிடும், விடிந்ததுமே அகழிக்கரைக்குப் போய்விடுங்கள்.

நான் சைன்போர்டு எழுதிப் பிழைத்தவன். எனாமலில் வெள்ளையைக் கடைசியில்கூட மேலே வைக்கலாம். வாட்டர்கலரில் தாளின் வெள்ளைதான் வெள்ளை. எங்கே பூசக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்யணும். கைவேகத்துக்குப் பேர்போன எனக்கு அது தண்டனையாக இருந்தது. அப்புறம் போர்டிலும் எழுத்தைச் சுற்றி இடம் விட ஆரம்பித்தேன். "இப்பதான் தூரத்திலேருந்தே படிக்க முடியுது" என்றார் ஒரு கடைக்காரர்.

உங்களுக்கும் கண் முன்னால் போய்விட்டது, கை பின்னால் வரும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்துக்கு மட்டும் இப்போதே போகாதீர்கள். அத்தனை பொம்மையையும் எண்ணி வரையக் கணக்கு டீச்சருக்குக் கை துறுதுறுக்கும்.