இதயம் விரியவும் சக்தி வேண்டும்

கேள்வி: பாலக்கோட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு 67 வயது, பி.பி., சர்க்கரை இரண்டும் உண்டு. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்கோ பார்த்ததில், இதயம் நன்றாகச் சுருங்குகிறது, விரிவதில்தான் குறை என்றார்கள். மைட்டோகாண்ட்ரியாவைச் சரிசெய்யும் என்று இணையத்தில் ஒரு மாத்திரை விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். செல்லுக்குள் சக்தியை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். அதைச் சரிசெய்வதாக நிரூபிக்கப்பட்ட மாத்திரை இதுவரை கிடையாது.

இதயம் சுருங்கத்தான் சக்தி வேண்டும், விரிவது தானாக நடக்கும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் இதயத் தசைச் செல்லுக்குள் இருக்கும் கிடங்கிலிருந்து கால்சியம் வெளியே வருகிறது, தசை சுருங்குகிறது. அதைத் திரும்ப உள்ளே இறைத்தால்தான் தசை தளரும். இறைக்க ஏ.டி.பி. என்ற சக்தி மூலக்கூறு வேண்டும். ஏ.டி.பி.யைத் தருவது மைட்டோகாண்ட்ரியா. இதயத் தசைச் செல்லின் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான்.

கிடங்கும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒட்டினாற்போல இருக்கின்றன. நடுவில் இருக்கும் இடைவெளி தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மைட்டோஃப்யூசின்-2 போன்ற புரதங்கள் இரண்டையும் பிடித்து வைத்திருக்கின்றன. வெளிவரும் கால்சியத்தில் கொஞ்சம் அந்த இடைவெளி வழியே மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும். வேலை கூடியிருக்கிறது, உற்பத்தியைக் கூட்டு என்ற தகவல் அதுதான். வயதாக ஆக இந்தத் தொடர்பு சீர்கெடுகிறது. கால்சியம் போதாவிட்டால் சக்தி குறையும், அளவுக்கு மீறினால் மைட்டோகாண்ட்ரியாவே பழுதாகும். பழுதானதை அகற்றும் லைசோசோமும் அப்போது மந்தமாகிவிடுகிறது. இதயச் செல்கள் புதிதாக உருவாவதோ மிக அரிது, இளம் வயதிலேயே ஆண்டுக்கு 1 சதவீதம் அளவில்தான். சர்க்கரை நோயும் இந்தத் தொடர்பைக் குலைப்பது விலங்கு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் இரண்டும் சர்க்கரைக்கு வந்த மருந்துகள். சுருங்கும் திறன் குறையாத இதயச் செயலிழப்பிலும் இவை மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைப்பது 2021, 2022இல் வெளியான பெரிய ஆய்வுகளில் தெரிந்தது. அப்பாவுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், சிறுநீரகத்தைப் பரிசோதித்துவிட்டு முடிவு செய்வார். நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

மருத்துவர் சம்மதித்தால் தினமும் நடக்கட்டும். மூச்சுத்திறனைக் கூட்டுவதில் நடைப்பயிற்சிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. கேழ்வரகுக் களி அளவாகச் சாப்பிடலாம். தொட்டுக்கொள்ளும் கருவாட்டையும் மாங்காய் ஊறுகாயையும்தான் குறைக்க வேண்டும், ஒரு நாள் உப்பு மொத்தமே 5 கிராமுக்குள். பி.பி., சர்க்கரை மாத்திரைக்கு அலைய முடியாவிட்டால், 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது, வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள்.

அப்புறம், கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் சில நொடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றாலோ, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.