மார்பில் கட்டி தட்டுப்பட்டால் யாரிடம் போவது, என்ன செய்வது?

கேட்டிருப்பவருக்கு வயது 42, ஊர் பாபநாசம் பக்கம். குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லை, குறுவை அறுப்பு முடிந்ததும் போனால் போதுமா என்கிறார்.

போதாது. இந்த வாரமே போய்விடுங்கள். புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதனால் வலியில்லை என்று நிம்மதியாக இருக்க முடியாது. அதற்காகப் பயந்து சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கவும் வேண்டாம். இப்படித் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றில்லாத நீர்க்கட்டி, நார்க்கட்டி வகைதான். உங்கள் கட்டி எந்த வகை என்பதைத் தடவிப் பார்த்து மட்டும் டாக்டராலேயே உறுதியாகச் சொல்ல முடியாது.

நம் பக்கத்தில் பெண்கள் இதற்கும் மகப்பேறு டாக்டரிடம்தான் முதலில் போகிறார்கள். பார்க்க வேண்டியது சர்ஜனை. என் ஓரகத்தியைத் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் சர்ஜரி ஓ.பி.க்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். "ஆம்பள டாக்டரா இருந்தா நான் வரல அக்கா" என்று பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டாள். பெண் டாக்டர் பார்க்கட்டும் என்று கேட்கலாம், தப்பில்லை.

டாக்டர் கையால் பார்த்ததும் படம் எடுக்கச் சொல்வார். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மேமோகிராம் என்கிற மார்பு எக்ஸ்ரே, கூடவே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இளவயதென்றால் பெரும்பாலும் ஸ்கேன் மட்டும். ரிப்போர்ட்டில் பைரேட்ஸ் என்று ஒரு எண் இருக்கும், புற்றுச் சந்தேகம் எவ்வளவு என்பதைச் சொல்வது அது. 4, 5 என்றால் ஊசி பயாப்ஸி, அதாவது ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது, கட்டாயம். படம் சுத்தமாக வந்தும் டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் அப்போதும் பயாப்ஸிதான்.

எல்லோரும் நடுங்குவது இதற்குத்தான். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, இன்னொரு ஊசியால் 'டக்' என்று எடுப்பார்கள். சேமியாத் துண்டு மாதிரி மெல்லிய சதை, மருந்து ஊற்றிய சின்ன பாட்டிலுக்குள் போகும். அவ்வளவுதான். ஊசி பட்டால் புற்று பரவிவிடும் என்று திண்ணையில் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. எங்கள் தெருவில் ஒரு அம்மாவுக்கு ஒரு சின்ன நர்சிங் ஹோமில் கட்டியை வெட்டி எடுத்து, சோதனைக்கு அனுப்பாமலே தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். அது என்ன கட்டி என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. "ஒரு மணி நேர வேலை, எடுத்துடலாம்" என்று யார் சொன்னாலும் முதலில் பயாப்ஸி முடியட்டும் என்று சொல்லுங்கள். எடுத்த கட்டியும் லேபுக்குப் போயே ஆக வேண்டும்.

புற்று என்று வந்துவிட்டால், எடுத்த சதையில் ஹார்மோன் ஏற்பிகளைப் பார்க்கும் இ.ஆர்., பி.ஆர்., ஒரு புரதத்தைப் பார்க்கும் ஹெர்-2 ஆகிய சோதனை முடிவுகளைக் கேட்டு வாங்கி வையுங்கள். எந்த மருந்து என்பதை அவைதான் முடிவு செய்யும். சின்னக் கட்டியாக இருக்கும்போதே பிடித்தால் பல பேருக்கு மார்பை முழுதாக எடுக்காமலே சமாளிக்க முடிகிறது. தஞ்சாவூரைத் தாண்டிப் போக நேர்ந்தால் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது, சென்னையில் 1954 முதல் நடக்கும் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றுக்கு இப்போதே விஏஓவைப் பாருங்கள்.

காம்பு உள்ளிழுத்திருந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, தோல் குழிந்தாலோ, அக்குளில் நெறி கட்டியிருந்தாலோ டாக்டர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், மேமோகிராம் எடுக்கும் அன்று அக்குளில் பவுடர் போடாதீர்கள். படத்தில் அது வெள்ளைப் புள்ளியாக விழுந்து குழப்பும்.