ஓட்ட ஓட்ட மாறும் எண்கள்: உபுண்டுவில் வேகத்தை அளப்பது எப்படி?

கேள்வி: உபுண்டு ஓடும் என் மடிக்கணினியில் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு சாட்டா எஸ்எஸ்டி மாட்டினேன். டிடி (dd) கட்டளையால் எழுதும் வேகத்தைப் பார்த்தால் ஒரு தடவை நொடிக்கு 1.4 ஜிபி, அடுத்த தடவை 320 எம்பி. சிஸ்பெஞ்ச் என்ற வேகச் சோதனைக் கருவி காட்டும் எண்ணோ ஓட்ட ஓட்டக் குறைகிறது. டிஸ்க் மாற்றியும் கூடவில்லை. எதை நம்புவது?

பதில்: 1.4 ஜிபியை நம்ப வேண்டாம். சாட்டா இணைப்பின் உச்சம் நொடிக்கு 6 கிகாபிட். தரவாகக் கணக்கிட்டால் 600 எம்பி. அதைத் தாண்டி வரும் எண் டிஸ்க்கின் வேகமாக இருக்கவே முடியாது. நீங்கள் பார்த்தது ரேமின் வேகம். எழுதச் சொன்னதை லினக்ஸ் முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததாக டிடியிடம் சொல்லிவிடும். டிஸ்க்கில் இறக்குவது பின்னால் நடக்கும். டிடியின் கான்வ் விருப்பத்தில் எஃப்டேட்டாசிங்க் (conv=fdatasync) என்று கொடுங்கள். தரவு முழுக்க டிஸ்க்கில் இறங்கிய பிறகுதான் கணக்கை முடிக்கும். படிக்கும் வேகத்தை அளக்கும் ஹெச்டிபார்ம் கட்டளையிலும் இதே குழப்பம் உண்டு. பெரிய எழுத்து டி (-T) கொடுத்தால் கேஷின், அதாவது ரேமில் வைத்திருக்கும் நகலின் வேகம், சின்ன எழுத்து டி (-t) கொடுத்தால் டிஸ்க்கின் வேகம்.

ஆனால் எஸ்எஸ்டியின் பலன் இந்த எண்ணில் பாதிகூடத் தெரியாது. பயர்பாக்ஸைத் திறக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்க வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க்கில், கேட்ட இடம் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லி நொடி ஆகும். டிஸ்க்கைப் படிக்கும் தலை நகரும் நேரம் அதற்கு மேல். ஆக நொடிக்கு 100 வாசிப்புகூடத் தேறாது. எஸ்எஸ்டியில் அது பல ஆயிரம். இதை அளக்க எஃப்ஐஓ (fio) தான் சரியான கருவி. 4 கேபி அளவு, ரேண்டம் ரீட், கேஷைத் தவிர்க்க டைரக்ட் 1 என்று கொடுத்து, ஹோம் கோப்புறையில் ஒரு சோதனைக் கோப்பின் மேல் ஓட்டுங்கள். கோப்புக்குப் பதிலாக டிஸ்க்கின் பெயரையே கொடுத்து எழுதும் சோதனையை ஓட்டிவிடாதீர்கள், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும்.

அப்புறம் சிஸ்பெஞ்ச். அதன் சிபியு சோதனை பகா எண்களைக் கண்டுபிடிக்கும் வேலை. டிஸ்க்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்களாகச் சொல்லாவிட்டால் ஒரே ஒரு திரெட்டில், அதாவது ஒரே வேலைச் சரடாக, 10 நொடிதான் ஓடும். நண்பரின் கணினியோடு ஒப்பிடுவதாக இருந்தால் இருவரும் ஒரே பதிப்பில், ஒரே திரெட் எண்ணிக்கையில் ஓட்ட வேண்டும்.

எண் படிப்படியாகக் குறைவதற்குப் பெரும்பாலும் சூடுதான் காரணம். சூடு ஏறினால் சிபியு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். சார்ஜரை மாட்டி, பவர் மோடை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றி, இன்னொரு டெர்மினலில் சென்சார்ஸ் கட்டளையால் வெப்பத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே ஆறவிட்டு, ஐந்து தடவை ஓட்டி நடு எண்ணை எடுங்கள். ஆறவிட்டும் ஓட்டத்தின் நடுவே வெப்பம் மளமளவென ஏறி எண் சரிந்தால், விசிறியில் தூசி அடைத்திருக்கலாம், சிபியுவின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்வது எந்தச் சோதனை எண்ணையும்விட முக்கியம்.

இவ்வளவுக்குப் பிறகும், உங்கள் அன்றாட வேலையை அளப்பதையே நான் பரிந்துரைப்பேன். வழக்கமாக டெர்மினலில் ஓட்டும் கட்டளையின் முன்னால் டைம் என்று சேர்த்தால் ரியல், யூசர், சிஸ் என்று மூன்று எண் வரும். ரியல் என்பது கடிகார நேரம். மற்ற இரண்டும் சிபியு உழைத்த நேரம். அவற்றின் கூட்டுத்தொகையைவிட ரியல் மிக அதிகமாக இருந்தால், டிஸ்க்குக்கோ நெட்வொர்க்குக்கோ காத்திருந்தே நேரம் போகிறது. கூட்டுத்தொகை ரியலுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் சிபியுதான் தடை. வீடியோ மாற்றும் வேலை பெரும்பாலும் இந்த வகை. அங்கே எந்த எஸ்எஸ்டி போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.