ஸ்டென்ட் வைத்தாச்சு, பயம் போகவில்லையே?

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. தை மாதம் மாரடைப்பு வந்து கோவையில் ஸ்டென்ட் வைத்தார்கள். நடக்கலாம், தோட்டத்துக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது, ஆனால் வீட்டுப் படி இறங்க மாட்டேன் என்கிறார். ராத்திரி எழுந்து உட்கார்ந்து நாடி பிடித்துப் பார்க்கிறார். தைரியம் வர என்ன செய்வது?
- வாசகி, கோத்தகிரி

பதில்: முதலில் "தைரியமா இருங்க" என்று அவரிடம் சொல்வதை நிறுத்திவிடுங்கள், சகோதரி. என் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது வீட்டில் எல்லோரும் அதையேதான் சொன்னோம், அவரும் தலையாட்டிவிட்டு மறுபடி மணிக்கட்டில் விரலை வைத்துக்கொள்வார். இனி இந்த உடம்பை நம்பலாமா என்று பயப்படுகிறவருக்கு வாய்ச்சொல் போதாது, உடம்பே செய்து காட்டினால்தான் மனசு ஒப்பும்.

உங்கள் ஊரில் வீட்டைவிட்டு இறங்கினால் சரிவு, திரும்பி வர ஏற்றம். சுமார் 6,000 அடி உயரத்தில் ஏற்றம் ஏறினால் யாருக்கும் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், அதை அவர் அடுத்த அட்டாக் என்று நினைத்து உட்கார்ந்துவிடுவார். அதனால் சமதளமான பாதையில் தொடங்கட்டும். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், வெயில் வந்த பிறகு கிளம்புங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அந்த வேகம் சரி. முதல் நாள் பக்கத்து வீட்டு வேலி வரை, அப்புறம் மெல்ல மெல்ல தேயிலை எடை போடும் இடம் வரை. நெஞ்சில் அழுத்தமோ வியர்வையோ வந்தால் உடனே நிற்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் தணியாவிட்டால் 108.

இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் மாரடைப்பு வந்த ஏறக்குறைய 4,000 பேரை வைத்து, யோகா சார்ந்த மறுவாழ்வுப் பயிற்சியைச் சோதித்துப் பார்த்தார்கள், 2020-ல் முடிவு வெளியானது. மறுபடி மாரடைப்பு வருவது குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் பயிற்சி எடுத்தவர்கள் பழைய வேலைகளுக்குத் திரும்புவது கூடியிருந்தது. எனக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் பெரிதாகப் படுகிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், தண்ணீர் டம்ளரைக்கூட அவரை எடுக்க விடாமல் பார்த்துக்கொள்கிறீர்களா? பாசம்தான், ஆனால் அவர் காதில் அது "உங்களால் முடியாது" என்றுதான் விழும். தோட்டத்துக் கணக்கு நோட்டை அவர் கையில் கொடுங்கள். இந்த வாரம் எத்தனை கிலோ இலை போனது, யாருக்குக் கூலி பாக்கி, எல்லாம் அவரே பார்க்கட்டும்.

அப்புறம் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாள் மனம் சோர்ந்தே இருக்கிறதா? பிடித்த எதிலும் நாட்டம் இல்லையா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அது மனச்சோர்வாக இருக்கலாம். மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது, கவனிக்காமல் விட்டால் இதயத்துக்கும் கெடுதல். சிகிச்சை இருக்கிறது, இதயநோயாளிகளுக்குப் பொருந்தும் மாத்திரைகளும் இருக்கின்றன. அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு இலவசமாகக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்த ராத்திரி நாடி பிடிக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், அவராகச் சொல்ல மாட்டார்.