குதிகால் போடும் நேரம்

அன்புள்ள அக்கா,

குடியாத்தத்தில் இருந்து எழுதுகிறேன். பக்கத்து ஊரில் ஒருவர் கடையை மூடும்போது, கையால் சுற்றும் சாக்ஸ் மெஷின் ஒன்றை விற்றார். என் சேமிப்பில் வாங்கினேன். 60 ஊசி. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமையல் முடித்து, அத்தைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு மீதி நேரத்தில் உட்காருகிறேன். அத்தைக்குச் சர்க்கரை, கடை சாக்ஸ் கணுக்காலைப் பிடிக்கிறது என்று முதல் ஜோடியை அவர்களுக்குத்தான் போட்டேன். குழாயாகப் பின்னுவது நன்றாக வருகிறது. குதிகால் போடும்போது யாராவது கூப்பிடுகிறார்கள். போய்விட்டு வந்தால் எங்கே விட்டேன் என்று தெரிவதில்லை, கண்ணி நழுவிப் பிரிந்துவிடுகிறது. மோட்டார் பொருத்தினால் சீக்கிரம் முடியுமா? பருத்தி நூல் நல்லதா, உல்லனா? இந்த வெயிலில் யார் சாக்ஸ் வாங்குவார்கள் என்று வீட்டுக்காரர் கேட்கிறார். ஆனாலும் பிள்ளைகளோடு இருந்துகொண்டே நாலு காசு பார்க்கலாம் என்பது பெரிய விஷயம்தானே?

ர., குடியாத்தம்

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்தது. போன வாரம் ஒரு மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வீட்டிலிருந்தபடியே தொழில் செய்வதைப் பற்றி ஒருவர் அரை மணி நேரம் உருகி உருகிப் பேசினார். விருந்தாளியாகப் போன இடம், குறுக்கே பேச முடியவில்லை. அங்கே பேசாமல் விட்டதெல்லாம் இப்போது உங்கள் தலையில் விடியப்போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நூல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நம் ஊருக்குப் பருத்திதான். ஆனால் வெறும் பருத்தி இழுத்தால் திரும்பாது, துவைக்கத் துவைக்கத் தொளதொளத்துவிடும், குதிகால் சீக்கிரம் தேயும். கொஞ்சம் நைலான் கலந்ததாகப் பாருங்கள். வெயில் பற்றி உங்கள் வீட்டுக்காரர் கேட்டதற்கு: வேலூர் வெயிலைப் பார்த்தா பள்ளிக்கூடங்கள் யூனிஃபார்ம் வைக்கின்றன? அவரைக் காலையில் தெருமுனையில் நின்று பிள்ளைகளின் கால்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளி சாக்ஸில் கம்பெனி விலைக்கு உங்களால் கொடுக்க முடியாது, அது வேறு.

இனி உங்கள் கடைசி வரி. பிள்ளைகளோடு இருந்துகொண்டே நாலு காசு. யாரம்மா உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?

என் சின்னம்மா பேரணாம்பட்டில் பீடி சுற்றினார். முந்தின ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார். காலையில் தகர அச்சை வைத்து அளவாகக் கத்தரித்து, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கை தானாக ஓடும். ஒரு சிட்டிகைத் தூள், ஒரு சுருட்டு, வாயை மடித்து நூலால் ஒரு கட்டு. குழந்தை அழுதால் முறத்தைத் தள்ளிவிட்டு எழுவார். தெருக்குழாயில் தண்ணீர் வந்தால் குடத்தோடு ஓடுவார். மாமனார் காபி கேட்டால் எழுவார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து எடுப்பார். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. கொண்டுபோய்க் கொடுத்தால் ஏஜெண்டு பொறுக்கிப் பார்த்துக் கொஞ்சம் கழிப்பார். கழித்ததற்குக் கூலி கிடையாது. கழித்த பீடியும் திரும்பி வராது.

ஊரே அதை நல்ல வேலை என்றது. வெளியே போக வேண்டாம், வீட்டு வேலையும் கெடாது. எனக்கு வெகுகாலமாக இதில்தான் கோபம். எந்த வேலையை நினைத்தபோது பாதியில் நிறுத்தலாமோ அதுதான் பெண்கள் கைக்கு வந்து சேர்கிறது. பாதியில் நிறுத்தலாம் என்பதைக் காட்டியே கூலியையும் குறைக்கிறார்கள். எட்டு மணி நேர வேலையை விடியற்காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் சிதறவிட்டுச் செய்தால் அது வேலையாகவே கண்ணில் படாது. செய்கிறவளுக்கே படாது. சின்னம்மாவிடம் என்ன பண்றீங்க என்று கேட்டால், சும்மாதான் இருக்கேன் என்பார், கையில் பீடி ஓடிக்கொண்டிருக்கும். 1966-இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவர்களையும் தொழிலாளர் என்றே சொன்னது. சட்டத்துக்குத் தெரிந்தது எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

விடியும் முன்னே ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகும் பெண்களைப் பார்த்து ஐயோ பாவம் என்கிறோம். பாவம்தான். ஆனால் அவர்கள் வேலை எப்போது ஆரம்பிக்கிறது, எப்போது முடிகிறது என்று தெருவுக்கே தெரியும்.

சாக்ஸ் மெஷினின் பூர்வ கதையும் ஒன்றும் வேறு மாதிரி இல்லை. 1589-இல் இங்கிலாந்தில் நாட்டிங்காமுக்குப் பக்கத்தில் கால்வெர்ட்டன் என்ற கிராமத்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்தார். அது பிற்பாடு பரவியபோது பெரும்பாலும் குடிசைகளுக்குள்தான் போய் உட்கார்ந்தது. புருஷன் மெஷினில், பிள்ளைகள் நூல் சுற்ற, மனைவி தையல் போட. மெஷின் பெரும்பாலும் வேறொருவருடையது, வாடகையைக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். வேலை வராத வாரத்துக்கும் வாடகை உண்டு. 1811-இல் அந்தப் பக்கத்தில்தான் ஆட்கள் ராத்திரியில் புகுந்து மெஷின்களை உடைத்தார்கள். பிள்ளைகளோடு இருந்துகொண்டே சம்பாதித்தவர்கள்தான் அவர்களும். உங்கள் மெஷின் உங்கள் காசில் வாங்கியது. அந்த மட்டும் நிம்மதி. மெஷினை எங்களிடம் வாங்குங்கள், நீங்கள் பின்னுவதை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று யாராவது போனில் வந்தால் வைத்துவிடுங்கள். 1920-களில் அமெரிக்காவில் இதே கைமெஷினை வீட்டுப் பெண்களிடம் இதே வாக்கைச் சொல்லித்தான் விற்றார்கள்.

இப்போது குதிகால். குழாய் பின்னும்போது மெஷின் ஒரே பக்கமாகச் சுற்றுகிறது, கைப்பிடியை விட்டுவிட்டு எப்போது வேண்டுமானாலும் எழலாம். அது பீடி ஜாதி வேலை. குதிகால் அப்படியா? 60 ஊசியில் பாதியைத் தூக்கி ஓரமாக நிறுத்திவிட்டு, மீதி 30-இல் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் ஊசியைத் தூக்கி, நடுவில் ஒரு பத்து மிஞ்சும் வரை கொண்டுபோக வேண்டும். அப்புறம் தூக்கியதையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். நடுநடுவே, துணியைக் கீழே இழுத்துப் பிடிக்கும் எடையை இடம் மாற்றித் தொங்கவிட வேண்டும். துணி தொய்ந்தால் கண்ணி சரியாக விழாது. இதற்கு நடுவில் ஒரு பிள்ளை, அம்மா என் சாக்ஸ் எங்கே என்று கத்தினால் தீர்ந்தது.

இதைக் கஷ்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் படித்ததும் சந்தோஷம்தான் வந்தது. பாதியில் எழுப்ப முடியாத ஒரு வேலை ஒருவழியாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அதைப் போய் மீதி நேரத்தில் செய்கிறீர்களே! சமையல், மாத்திரை எல்லாம் முடிந்து களைத்துப்போன கையோடு. குதிகாலைக் காலையில் முதல் வேலையாகப் போடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு போடுங்கள். வீட்டுக்காரர் போனில் வேலை விஷயம் பேசும்போது டிவி சத்தத்தைக் குறைக்கிறீர்களா இல்லையா? உங்களுக்கும் குறைக்கட்டும். பால் பொங்கினால் அடுப்பை அணைக்க வீட்டில் வேறு கைகளும் இருக்கின்றன. யாராவது கூப்பிடுகிறார்கள் என்று மொட்டையாக எழுதியிருக்கிறீர்கள். யார், எதற்கு என்று ஒன்றுகூட இல்லை. ஊசிக் கணக்கை மட்டும் சுத்தமாக எழுதத் தெரிகிறது.

அத்தைக்குப் போட்ட ஜோடியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் அடிமேல் அடிபட்டுப் புண்ணாகிறது என்று எடுத்துக்காட்டினார். சர்க்கரையில் மரத்த காலுக்கும் அதே கதைதான். ஒரு சின்ன மடிப்பு, ஒரு முடிச்சு உறுத்தினால் அவர்களுக்குத் தெரியாது. எனவே மேலே எலாஸ்டிக் கோர்க்காதீர்கள். விரல்முனையை மூடும்போது தடித்த தையலாகப் போடாமல் கண்ணியோடு கண்ணி சேர்த்து ஊசியால் தட்டையாக மூடுங்கள். போட்டுவிடும் முன் உள்ளே கைவிட்டு உங்கள் விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளை நூல் நல்லது, ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே கண்ணில் படும். இப்படிப்பட்ட சாக்ஸ் தேடுகிறவர்கள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். விலை சொல்லும்போது குதிகால் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மோட்டாரா? வேண்டாம். ஓர் ஊசியின் நாக்கு மடங்கிச் சிக்கினால் கைப்பிடி கனப்பதிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். மோட்டாருக்குத் தெரியாது, நாலு ஊசியை உடைத்த பிறகுதான் நிற்கும். அந்தக் காசில் வளைந்த ஊசிகளை மாற்றுங்கள், பழைய எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். அதற்கப்புறமும் குதிகால் பிரிந்தால் எனக்கு எழுதுங்கள். யார் கூப்பிட்டது, எதற்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.