தடுப்பூசிப் பங்கீடு நியாயமாக நடந்ததா? அளக்கும் முறை பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒவ்வொரு பகுதியிலும் 100 பேருக்கு எத்தனை டோஸ் போடப்பட்டது என்று பார்த்தால் போதாதா?

பதில்: முதற்பார்வைக்கு உதவும், முடிவு சொல்லப் போதாது. தலா 10 லட்சம் பேர் வாழும் இரண்டு மாவட்டங்களுக்குத் தலா 2 லட்சம் டோஸ் சென்றதாக வைத்துக்கொள்வோம். 100 பேருக்கு 20 டோஸ் என்ற கணக்கில் இரண்டும் சமம். ஆனால் முதல் மாவட்டத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 2 லட்சம் பேர், இரண்டாவதில் 50,000 பேர் என்றால் நிலைமை வேறு. ஒருவருக்கு இரண்டு டோஸ் வீதம் போட்டால், முதல் மாவட்டத்தின் முதியவர்களில் பாதிப் பேருக்கே அது போதும். இரண்டாவதில் முதியவர் அனைவருக்கும் போட்ட பின்னும் 1 லட்சம் டோஸ் மிஞ்சும். கோவிட்-19 போல வயதுடன் மரண அபாயம் செங்குத்தாக உயரும் நோயில், மொத்த மக்கள்தொகையால் வகுப்பது உண்மையை மறைத்துவிடும். அபாயத்தில் இருப்போரின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

கேள்வி: வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி கெழுவை இதற்கும் பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தலாம், பலர் பயன்படுத்தியும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தால் 0, அனைத்தும் ஒரே இடத்தில் குவிந்தால் ஏறத்தாழ 1 என்று அது காட்டும். ஆனால் அதிகம் பெற்றது ஏழைகளா, செல்வர்களா என்பது அதற்குத் தெரியாது. இருவரின் பங்கையும் இடம் மாற்றி வைத்தாலும் அதே எண்தான் வரும். அதனால் மக்களை வறுமை நிலையிலிருந்து செல்வ நிலை வரை வரிசைப்படுத்திக் கணக்கிடும் செறிவுக் குறியெண்ணையே நான் பரிந்துரைப்பேன். அது எதிர்மறையாக வந்தால் பங்கீடு ஏழைகள் பக்கம் சாய்ந்திருக்கிறது, நேர்மறையாக வந்தால் செல்வர்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

கேள்வி: ஆண்டு முடிவில் இரு நாடுகளும் மக்களில் 70 சதவீதம் பேருக்குத் தடுப்பூசி போடும் நிலையை எட்டிவிட்டால், பங்கீடு நியாயம்தானே?

பதில்: பெரும்பாலான அறிக்கைகள் சறுக்கும் இடம் இதுதான். ஒரு நாடு ஜூன் மாதத்திலேயே 70 சதவீதத்தை எட்ட, மற்றொன்று டிசம்பர் கடைசி வாரத்தில் எட்டினால், டிசம்பர் 31 அன்று எடுக்கும் எந்த அளவையும் இரண்டையும் சமம் என்றே சொல்லும். இடையில் ஓர் அலை வந்து போயிருந்தால் அதில் இறந்தவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். எனவே நாள்தோறும் பாதுகாப்புப் பெற்றிருந்தோர் எண்ணிக்கையைக் கூட்டி, ஒவ்வொரு பகுதியும் அனுபவித்த 'பாதுகாப்பு நாட்களை' ஒப்பிட வேண்டும். இந்த நாள்வாரி விகிதத்தை நாட்டுக்கு ஒரு வளைகோடாக வரைந்து பார்த்தால், இரண்டு வளைகோடுகளுக்கு நடுவே உள்ள பரப்புதான் அநீதியின் அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021 செப்டம்பருக்குள் ஒவ்வொரு நாட்டிலும் 10 சதவீதம், அந்த ஆண்டு முடிவுக்குள் 40 சதவீதம், 2022 நடுப்பகுதிக்குள் 70 சதவீதம் என்று தேதியோடு இலக்கு வைத்ததன் நியாயம் இங்கேதான் இருக்கிறது. தேதியில்லாத இலக்கை யாரும் தவறவிட முடியாது!

கேள்வி: ஏழை நாடுகளுக்கும் கோவிட் தடுப்பூசி கிடைக்கச் செய்ய உருவான உலகக் கூட்டு முயற்சியான கோவாக்ஸ் திட்டம் எல்லா நாடுகளுக்கும் ஒரே விகிதத்தில் ஒதுக்கியது சரியா?

பதில்: முதல் கட்டத்தில் மக்கள்தொகையில் 20 சதவீதம் வரை விகிதாசார ஒதுக்கீடு, அதன் பிறகு நோய் அபாயத்தின்படி ஒதுக்கீடு என்பதே அதன் வடிவம். பல நாடுகள் ஒப்புக்கொள்ளக்கூடிய எளிய விதி என்பது அதன் பலம். தேவை வேறுபட்டாலும் பங்கு வேறுபடவில்லை என்பது அதன் குறை. பேரம் பேச நேரமில்லாத நெருக்கடியில் எளிய விதியைத் தேர்ந்ததை நான் குறைகூற மாட்டேன். அந்த விதியின்படியாவது டோஸ்கள் குறித்த காலத்தில் போய்ச் சேரவில்லை என்பதே பெரிய புகார்.

கேள்வி: நன்கொடையாக வந்த டோஸ்களையும் பங்கில் சேர்க்க வேண்டுமா?

பதில்: வந்து சேர்ந்த நாளில் எவ்வளவு ஆயுள் மிச்சம் இருந்தது என்பதையும் சேர்த்தால் மட்டுமே. 2021 மார்ச் 26 அன்று ஆப்பிரிக்க ஒன்றியத்தின் வழியாக மலாவிக்கு 1,02,000 அஸ்ட்ராஜெனெகா டோஸ்கள் வந்தன. அவற்றின் காலாவதித் தேதி ஏப்ரல் 13. பெரும்பகுதி போடப்பட்டுவிட்டது, எஞ்சிய 19,610 டோஸ்கள் மே மாதத்தில் எரிக்கப்பட்டன. 18 நாட்களில் கிராமங்கள் வரை கொண்டு சேர்ப்பது எந்த நாட்டுக்கும் கடினம். வந்தவை, போடப்பட்டவை, வீணானவை என்று மூன்று எண்களையும் தனித்தனியே தராத அறிக்கையை வைத்து ஒரு நாட்டின் பங்கை மதிப்பிடாதீர்கள்.